பட்டியலில் இல்லாத கார்

செல்போனில் கார் இன்சூரன்ஸ் போட முயன்றவர்களுக்குத் தெரியும். முதலில் வண்டி எண்ணைக் கேட்பான். பிறகு எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று ஒரு பட்டியலை நீட்டுவான். அதில் ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் உருட்டிப் பார்த்துவிட்டேன். ஓடுகிற கார், ஓடி ஓய்ந்த கார், எங்கள் தெருவுக்குள் நுழையவே முடியாத அளவுக்கு அகலமான கார் எல்லாம் இருந்தன. எங்கள் கார் இல்லை. 'மற்றவை' என்று ஒரு வரியாவது போட்டுத் தொலைத்திருக்கலாம். அதுவும் இல்லை.

எங்கள் கார் எது என்று சொல்லிவிடுகிறேன். என் கணவர் மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் மெக்கானிக். கன்டெய்னரைத் தூக்கி அடுக்குகிற ராட்சத வண்டிகளுக்கு வைத்தியம் பார்ப்பது அவர் வேலை. அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு காலண்டர் படத்தின் மேல் பைத்தியம். சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, கூரை கிடையாது, வெளிநாட்டு ரேஸ் கார். அசல் கார் எங்களுக்கு இந்த ஜென்மத்தில் ஆகாது. அதனால் நகல் செய்தார். ஒரு காலத்தில் நம் சென்னையிலேயே தயாராகி, பிறகு கம்பெனியும் மூடி, ஆட்கள் மறந்துபோன ஒரு சின்ன காரை வாங்கினார். அதன் உடம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சேஸ் என்கிற அடிச்சட்டத்தையும் இஞ்சினையும் மட்டும் வைத்துக்கொண்டார். மேலே மாட்ட வேண்டிய சிவப்பு உடம்பை என் தம்பி செய்து கொடுத்தான். அவன் காசிமேட்டில் ஃபைபர் படகு கட்டுகிறவன். படகுக்குப் போடுகிற அதே கண்ணாடி இழைத் துணி, அதே ரெசின் பசை. தண்ணீரில் தள்ளினால் எங்கள் கார் மிதக்கும் என்று தெருவில் கேலி பேசுவார்கள். இப்படி மாற்றிக் கட்டியதை அந்தக் காலத்திலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, ஆர்.சி.யிலும் பதிந்து வாங்கிவிட்டார். திருட்டுத்தனம் எதுவும் கிடையாது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்த வாரம் முழுக்க எல்லோரும் எங்களைத் திருடர்களைப் பார்ப்பதைப் போலத்தான் பார்த்தார்கள்.

வருடா வருடம் ஒரு ஏஜென்ட் பாலிசி போட்டுக் கொடுத்து வந்தார். அவர் தொழிலை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். அதே சமயத்தில் என் கணவருக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த நாட்களில் காரின் பாலிசி தேதி தாண்டிப் போயிற்று. அப்போது கார் என்று ஒன்று இருப்பதே எனக்கு ஞாபகம் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அடுத்த இடி. காரின் பதிவுக் காலமும் முடிகிறது. புதுப்பிப்பதற்கு வியாழக்கிழமை காலை டெஸ்ட் மைதானத்துக்குக் கொண்டுவரச் சொல்லித் தேதி கொடுத்திருந்தார்கள். இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இப்போதெல்லாம் காரை இப்படி மாற்றிக் கட்ட அனுமதியே கொடுப்பதில்லை, பழைய பதிவு உயிரோடு இருக்கும்வரைதான் உங்கள் வண்டிக்கு மரியாதை, விட்டால் காயலான் கடைதான் என்று விவரம் தெரிந்த ஒருவர் சொல்லிவிட்டார்.

யார்டு வேலைக்கு இனிமேல் போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காலையில் எழுந்து காசிமேட்டில் தம்பியின் ஷெட்டுக்குப் போய் அந்தக் காரைத் துடைப்பது, பானெட்டைத் திறந்து பார்ப்பது, மூடுவது, மறுபடி துடைப்பது. அந்த மனிதரைக் காலையில் படுக்கையை விட்டு எழுப்பியது அது ஒன்றுதான். கார் காயலான் கடைக்குப் போனால் இவர் அதன் பிறகு ரொம்ப நாள் இருக்கமாட்டார் என்று எனக்குப் பட்டது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கத்திக்கொண்டு மட்டும் இருந்தேன். பயம் வந்தால் எனக்குக் கத்தத்தான் தெரியும்.

பாரிமுனையில் இருக்கிற இன்சூரன்ஸ் ஆபீஸ்கள் எல்லாவற்றிலும் ஏறி இறங்கினேன். ஒருவர் போட்டோவைப் பார்த்துவிட்டு, ஷூட்டிங் வண்டியா என்று கேட்டார். இன்னொருவர், பழங்காலக் கார் என்றால் சங்கத்துச் சான்று வேண்டும், ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கம்பெனி பில் வேண்டும், உங்களுடையது இரண்டும் இல்லையே என்றார். மூன்றாமவர் போடுகிறேன் என்று சொல்லி ஒரு பிரீமியம் சொன்னார். அந்தப் பணத்துக்கு இன்னொரு பழைய காரே வாங்கிவிடலாம்.

"அந்தச் சின்ன காருன்னே போட்டுடேன்மே. ஏஜென்ட்டு வருசா வருசம் அப்டித்தான் போட்டுக்கினு இருந்தாரு. இன்னா ஆயிடுச்சு இப்போ?" என்றார் என் கணவர்.

"ஒண்ணும் ஆவாத வரைக்கும் ஒண்ணும் ஆவாது. ஆச்சுன்னா?" என்றேன்.

தண்டையார்பேட்டையில் சரக்கு ஏற்றி அனுப்பும் ஒரு கம்பெனியில் நான் கிளெய்ம் பார்க்கிறவள். நனைந்த மூட்டை, உடைந்த பெட்டி, காணாமல் போன கன்டெய்னர் இதெல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். சரக்கைப் பற்றி எழுதியதில் ஒரு வார்த்தை பிசகியதற்காக மொத்தக் கிளெய்மையும் தூக்கி எறிந்ததைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. பணம் வாங்கும்போது இன்சூரன்ஸ்காரர்களுக்குக் கண் தெரியாது. கொடுக்கும்போதுதான் பூதக்கண்ணாடி எடுப்பார்கள். எண்ணூர் ரோட்டில் மீன் கூடையோடு குறுக்கே வருகிற ஒரு ஆயா மேல் எங்கள் கார் இடித்துவிட்டால், இது நீங்கள் சொன்ன காரே இல்லை என்று கையை விரித்துவிடுவார்கள். அந்த ஆயாவுக்கு யார் கொடுப்பது? லீவில் இருக்கிற என் கணவரின் அரைச் சம்பளமா, என் முழுச் சம்பளமா? பொய் சொல்லி மலிவாகக் கிடைக்கிற பாலிசி வெறும் காகிதம் என்று சொன்னேன். அவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு திரும்பிப் படுத்தார்.

கடைசியில் ஒரு மாடிப்படி ஏறியபோது, ஒரு சின்னக் கிளையில், என் வயதுடைய ஒரு அதிகாரி அம்மா நான் சொன்னது முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "இருக்கிறதை இருக்கிறபடி எழுதிக் கொடுங்க. தேர்ட் பார்ட்டி, தீ, திருட்டு மூணும் போட்டுத் தரேன். மோதி நசுங்கினா உங்க வண்டிக்குக் கிடையாதும்மா, அந்த ஃபைபருக்கு நான் என்ன விலை போடறது?" என்றார். பிரீமியம் எங்கள் கைக்கு அடங்கியது. எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் பாலிசி தேதி தாண்டிவிட்டதால், சர்வேயர் நேரில் வந்து பார்க்காமல் போட முடியாதாம். அவர் கிடைப்பது புதன்கிழமைதான். மறுநாள் டெஸ்ட்.

புதன்கிழமை மதியம் ஷெட்டுக்கு வந்தார் சர்வேயர். முப்பது வயதுகூட இருக்காது, தலைக்கவசத்தைக் கழற்றாமலே காரைச் சுற்றி வந்தார். "சூப்பரா இருக்கு சார்," என்று என் கணவரிடம் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு என் கணவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று போட்டோ எடுத்தார். பிறகு பையிலிருந்து ஒரு மெல்லிய தாளையும் பென்சிலையும் எடுத்தார். சேஸில் கம்பெனிக்காரன் அடித்திருக்கிற எண்ணின் மேல் அந்தத் தாளை வைத்து பென்சிலால் தேய்ப்பார்கள். எண் அப்படியே தாளில் பதிந்துவிடும். ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும். எந்த வண்டிக்கும் இதுதான் வழக்கம்.

என் கணவர் துணியை எடுத்துக்கொண்டு முன்பக்கம், வலது சக்கரத்துக்கு உள்ளே, சட்டத்தின் மேல் கையை விட்டார். துடைத்தார். மறுபடி துடைத்தார். விரலால் தடவிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இங்கதான்மே இருந்துச்சு," என்றார் என்னைப் பார்த்து.

நான் குனிந்து பார்த்தேன். இரும்பே தெரியவில்லை. வழுவழுவென்று சாம்பல் நிறத்தில் ஃபைபர் மூடியிருந்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் சேஸில் துரு பிடித்தபோது, என் கணவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் என் தம்பி காரைச் சாய்த்துப் போட்டு, அடிச்சட்டம் முழுவதையும் சுரண்டி, ஃபைபர் போர்த்திவிட்டான். கடலோரத்தில் படகு கட்டுகிறவனால் வெறும் இரும்பைப் பார்த்துவிட்டு சும்மா இருக்க முடியாது. ஆணித் தலை தெரிந்தால்கூட ஒரு சொட்டு ரெசின் வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. எண் அடித்த இடம் என்று தெரிந்தே மூடியிருக்கிறான். நாலு வண்டியைப் பார்த்தவன் இப்படிச் செய்யமாட்டான். படகுக்காரன்தான் செய்வான்.

"நம்பர் மறைஞ்சிருக்கிற வண்டியும் நம்பரை அழிச்ச வண்டியும் எங்களுக்கு ஒண்ணுதான் மேடம்," என்றார் சர்வேயர். கோபமாகச் சொல்லவில்லை, பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார். "மணலியில ஒரு டேங்கர் லாரி பார்க்கணும். முடிச்சுட்டு நாலு மணி வாக்குல இப்படித்தான் போவேன். நம்பர் வெளிய தெரிஞ்சா எடுத்துக்கறேன். இல்லன்னா 'சரிபார்க்க இயலவில்லை'ன்னுதான் எழுதணும்." அப்படி எழுதினால் பாலிசி இல்லை. வேறு எந்தக் கம்பெனியும் தொடாது.

அவர் போனதும் தம்பிக்குப் போன் போட்டேன். துறைமுகத்தில் இருந்தான். வந்து சேர்வதற்குள் நான் அவனை வாயில் வந்தபடி திட்டித் தீர்த்திருந்தேன், பாதி போனில், மீதி காற்றில். அவன் வந்ததும் கிரைண்டரைக் காட்டி, அந்த இடத்தை மட்டும் உரித்துவிடு என்றேன். அவன் கிரைண்டரைத் தொடவில்லை.

"அங்க கை வெக்காதக்கா," என்றான்.

"நாலு மணிக்கு அந்தாளு வந்துருவான்டா."

"அதுக்கு அடில மாதா மெடலு கீது."

எங்கள் பக்கம் கத்தோலிக்கர் கட்டுகிற படகுகளில் இது வழக்கம். படகின் முன்மூக்கை அணியம் என்பார்கள். அந்த அணியத்தில் முதல் துணி போடும்போது மாதாவின் சின்ன மெடல் ஒன்றை உள்ளே வைத்து, மேலே ரெசின் ஊற்றி மூடிவிடுவார்கள். அதை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. ஒரு முறை மூடினால் மூடியதுதான். பழுது பார்க்கும்போது தவறி வெளியே வந்துவிட்டால் அந்தப் படகில் அதன் சொந்தக்காரர்கள் கடலுக்குப் போகமாட்டார்கள். எங்கள் பெரியப்பா படகு அப்படித்தான் வேறு கரைக்கு விலை போனது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து வீட்டில் இதை யாரும் கேள்வி கேட்டதில்லை, நான் உட்பட.

"காருக்குப் போயி எதுக்குடா வெச்ச?"

"முன்னாடி சட்டம்தான்க்கா அதுக்கு அணியம். மாமா இத்த எடுத்துக்கினு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல லாரிங்க நடுவுல பறக்கறாரு. எனுக்குத் தூக்கம் வரல. என் கழுத்துல இருந்தத அவுத்து வெச்சேன். பட்டையா இடம் அது ஒண்ணுதான் இருந்துச்சு. நம்பரு மேலதான் வெச்சேன், தெரிஞ்சேதான் வெச்சேன். நம்பரு எதுக்கு வோணும்னு எனுக்குத் தெரியாது."

ஞானஸ்நானத்தின்போது எங்கள் அம்மா அவன் கழுத்தில் போட்ட மெடல் அது. அவன் கழுத்து வெறுமையாக இருந்ததை இத்தனை நாள் நான் கவனிக்கவே இல்லை. அதுவும் இவன் வாரத்தில் பாதி நாள் கடலுக்குப் போகிறவன்.

என் கணவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர் இல்லை. வியாசர்பாடிக்காரர், சாமி பூதம் எதிலும் நம்பிக்கை கிடையாது. "மெடலுக்கும் பிரேக்குக்கும் இன்னா மச்சான் சம்பந்தம்?" என்று சிரிக்கத்தான் ஆரம்பித்தார். தம்பியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. காரின் மேல் கையை வைத்தார்.

"வுட்டுடு. அந்தாளு வந்தா இல்லைனு சொல்லி அனுப்பிடு. காருதானே," என்றார்.

காருதானே. அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டதும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஒரு வாரமாகப் பாரிமுனைப் படிக்கட்டுகளை நான் எண்ணிக்கொண்டிருந்தது எதற்கு? இவர் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு பேரையும் பார்த்துக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது சரியாக ஞாபகம் இல்லை, ஷெட்டுக்கு வெளியே வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து தள்ளிப் போனது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பிறகு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு நானே சக்கரத்தடியில் குந்தினேன். கிரைண்டர் வைத்தால் எண்ணையும் சேர்த்துத் தின்றுவிடும், கையால்தான் தேய்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். படகுக்காரன் மகள்தானே நானும்.

"மெடலு மேல படாம தேய்க்கறேன். ஓரமா வரேன்," என்றேன். தம்பி வெளியே போய்விட்டான்.

ஃபைபர் தூள் கையில் பட்டால் அரிப்பு உயிரை வாங்கும். முழங்கைவரை சிவந்துவிட்டது. என் கணவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார், நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவருக்கு வியர்த்தது. போய் உட்காருங்கள் என்று சொன்னால் கேட்கவில்லை. சாம்பல் நிறம் வெளிறி, கண்ணாடியாகி, அதற்கு அடியில் இரும்பு தெரிந்தது. முதல் எழுத்து வந்தது. அடுத்து ஓர் எண். அடுத்தது. ஒவ்வொன்றாக அவர் ஆர்.சி.யைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார், சரியாக இருந்தது. இடையில் ஒரு எண் தேய்ந்து மூன்றா எட்டா என்று தெரியாமல் போனது. ஈரத் துணியால் துடைத்துச் சாய்வாக டார்ச் அடித்ததும் எட்டு என்று தெரிந்தது. அப்படியே நகர்ந்து வந்து, கடைசி இரண்டு எண்களுக்கு முன்னால் உப்புத்தாள் நின்றுவிட்டது. அந்த இடத்தில் நீள்வட்டமாக ஒரு சின்ன மேடு. ரெசினுக்குள் மாதா மங்கலாகத் தெரிந்தாள்.

சர்வேயர் வந்தபோது நான் அந்த மேட்டைப் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். அவர் குனிந்து பார்த்தார்.

"கடைசி ரெண்டு நம்பர்தான் மேடம் முக்கியம். அதுக்கு முன்னாடி இருக்கிறது ஆயிரம் வண்டிக்கு ஒரே மாதிரி இருக்கும்," என்றார். பைக்கின் சாவி அவர் விரலில் சுழன்றுகொண்டிருந்தது.

தம்பி உள்ளே வந்தான். கையில் துணி வெட்டுகிற கத்தி. யாரையும் பார்க்காமல் என் பக்கத்தில் குந்தி, "தள்ளுக்கா," என்றான். "தேய்ச்சியானா மாதா முகம் பூடும். வெட்டித்தான் எடுக்கணும்." மேட்டைச் சுற்றி நான்கு பக்கமும் கீறினான். ஓர் ஓரத்தில் உளியைக் கொடுத்துத் தட்டினான். வரவில்லை. மறுபடி தட்டினான். கண்ணாடிச் சில்லோடு மெடல் மொத்தமாகப் பெயர்ந்து அவன் உள்ளங்கையில் விழுந்தது. அடியில் இரும்பு புதிதாகப் பளபளத்தது. இரண்டு எண்களும் அச்சு அடித்தபடி இருந்தன. என் கணவர் படித்துக் காட்டினார், சரி. சர்வேயர் தாளை வைத்துத் தேய்த்தார், ஒரு போட்டோ எடுத்தார், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவருக்கு அதோடு வேலை முடிந்துவிட்டது.

தம்பி மெடலைக் கைக்குட்டையில் சுற்றினான். திரும்பக் கழுத்தில் போட்டுக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். "இத்தக் கடல்லதான் வுடணும்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

சாயங்காலமே அந்த அதிகாரி அம்மா போன் செய்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, பணம் கட்டினால் பாலிசி வந்துவிடும் என்றார். ஓட்டுகிறவருக்கு விபத்துக் காப்பீடு இதிலேயே இருக்கிறதாம். பக்கத்து சீட்டில் உட்காருகிறவருக்கு வேண்டுமானால் தனியாகச் சேர்க்கலாமாம். வேண்டாம் என்றேன். அந்த சீட்டில் என்னைத் தவிர யார் உட்காரப் போகிறார்கள்? எனக்கு எதற்கு அந்தச் செலவு என்று நினைத்தபடி பணத்தைக் கட்டினேன், பாலிசி வந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை நல்ல புடவை கட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். கார் ஏற்கெனவே வெளியே நின்றது. என் கணவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார். நான் இடது பக்கக் கதவைத் திறக்கப் போனதும் கையை நீட்டித் தடுத்தார்.

"நீ ஆட்டோல வா."

"இன்னாத்துக்கு?"

"சொன்னா கேளுமே. இதுல நீ இனிமே ஏற வாணாம்."

அவர் என்னைப் பார்த்துப் பேசவில்லை, சக்கரத்துக்கு உள்ளே நாங்கள் உரித்த இடம் இருக்கிற திசையைப் பார்த்துப் பேசினார். எந்தச் சாமியையும் கும்பிடாத மனிதர். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், அழுகைதான் வந்தது. அப்படியென்றால் நீங்கள் மட்டும் ஏன் ஏறினீர்கள், இறங்குங்கள், நான் ஓட்டுகிறேன் என்று எனக்கு ஓட்டத் தெரியாத காரைப் பற்றிச் சண்டை போட்டேன். நேரம் போய்க்கொண்டிருந்தது. ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஏற்கெனவே வரிசை கட்ட ஆரம்பித்திருந்தன.

தம்பி எந்தப் பக்கமிருந்து வந்தான் என்று நான் கவனிக்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டிருந்தான், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடுவது. என்னை நகர்த்திவிட்டுக் கதவைத் திறந்தான்.

"டேய், நீ ஏறுவியாடா இதுல?" என்றேன்.

"அவர ஒண்டியா அனுப்பச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தான். காலை மடக்கி வைக்க இடம் தேடினான், கதவைச் சாத்திக்கொண்டான். என் கணவர் அவனை ஒரு தரம் பார்த்தார். கார் கிளம்பிவிட்டது.

நான் கிடைத்த ஆட்டோவில் ஏறிப் பின்னாலேயே போகச் சொன்னேன். எண்ணூர் ரோடு முழுக்க லாரி. தாழ்வான அந்தச் சிவப்புக் கார் இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவில் போனால் ஆட்டோவிலிருந்து எனக்குத் தெரியாது. மறைந்தால் உயிர் போகும், இரண்டு தலைகளும் மறுபடி தெரிந்தால் மூச்சு வரும். ஒரு தலையில் பாதி நரை, இன்னொன்று கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி. பாலிசி என் கைப்பையில் இருந்தது. வண்டிக்கு இருக்கிறது, ரோட்டில் போகிறவர்களுக்கு இருக்கிறது, என் கணவருக்கு இருக்கிறது. அந்த இடது சீட்டுக்கு மட்டும்தான் இல்லை. அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

அதிகாரி அம்மாவுக்குப் போன் போட்டேன். முதலில் எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். லாரிச் சத்தத்தில் நான் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை, கத்திச் சொன்னேன். நேற்று வேண்டாம் என்றீர்களே என்றார். இப்போது வேண்டும் என்றேன், இந்த நிமிஷமே வேண்டும். அவர் சிரிக்காமல், பணம் கட்டுவதற்கு ஒரு லிங்க் அனுப்பினார். ஃபைபர் அரிப்பில் வீங்கிய விரலுக்கு செல்போன் பணியவில்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார். குறைக்காதீர்கள், அந்தக் கார் பின்னாலேயே போங்கள் என்று அவரிடமும் கத்தினேன். மணலி திரும்புகிற இடத்தில் செல்போன் டிங் என்று சத்தம் போட்டது. சேர்த்தாகிவிட்டது.

டெஸ்ட் மைதானத்தில் நான் இறங்கியபோது கார் உள்ளே வரிசையில் நின்றது. இன்ஸ்பெக்டர் குனிந்து டார்ச் அடித்து எண்ணைப் பார்த்தார், பாலிசியைப் பார்த்தார், ஓட்டிக் காட்டச் சொன்னார். பக்கத்தில் நின்றவர்கள் காரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். பேப்பரில் கையெழுத்து விழுந்ததும் என் கணவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் களை திரும்பியதைப் பார்த்தேன். அது போதும் எனக்கு.

தம்பி மதில் சுவரோரம் குந்தியிருந்தான். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் ஜெபமாலை இருந்தது, உதடு இன்னும் நிற்கவில்லை. காசிமேட்டிலிருந்து அதுவரை ஒரு நிமிஷம்கூட அவன் நிறுத்தியிருக்கமாட்டான் என்று தோன்றியது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உனுக்கும் சேத்துப் போட்டுட்டேன்டா."

"இன்னா போட்ட?"

"இன்சூரன்ஸு. அந்த சீட்ல இருக்கசொல்ல உனுக்கு இன்னாவது ஆச்சுனா புள்ளைங்களுக்குப் பணம் வரும்."

அவன் ஜெபமாலையைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்தான். மைதானத்துக்குள் என் கணவர் இஞ்சினைக் கிளப்பும் சத்தம் கேட்டது.

"திரும்பிப் போவசொல்லவும் அது செல்லுமாக்கா?" என்று கேட்டான்.

செல்லும் என்றேன். அவன் எழுந்து பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு காரைப் பார்த்து நடந்தான்.